ஒரு வாக்கு

ஹால்வர்சன் மேசையில் வைத்துவிட்டுப் போன விசிலை
யாரும் தொடவில்லை.
தேர்வுக்குழுவில் ஓடுகிறவர்கள் சார்பாக நான்.
ஒரே ஒரு வாக்கு.

முதலாமவர் வரைபடங்கள் காட்டினார்,
லாக்டேட், இதயத்துடிப்பு, நான்காண்டுத் திட்டம்.
டீன் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.
இரண்டாமவர் தன் பதக்கங்களைச் சொல்லி முடிக்கையில்
காபி ஆறிப்போயிருந்தது.

டுலூத்திலிருந்து பனியில் காரோட்டி வந்த மார்லிஸ் குவாம்
தாமதத்துக்கு வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.
வாசலில் குவிந்து கிடந்த ஈரக் காலணிகளில்
ஒன்றை எடுத்து, புரட்டி,
தேய்ந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது யாருடையது?
இடது கெண்டைக்கால் எலும்பு வலிக்குமே.
இன்றோடு ஓட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள்.
கீறல் விழுந்துவிடும்."

அறையில் ஹீட்டர் மட்டும் முனகியது.
இறுதிப் போட்டிக்குப் பதினொரு நாள்.
இரவு ஐஸ் கட்டி வைப்பது
என் அறைத்தோழிக்குக்கூடத் தெரியாது.
மேசைக்கடியில்
சாக்ஸ் போட்ட பாதத்தை
இன்னொன்றின் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

சீட்டு வந்தது.
இவர் வந்தால் நான் ஓட மாட்டேன்.
அது தெரிந்தே எழுதினேன்,
குவாம் என்பதை ஒரு தடவை அடித்துத் திருத்தி.

வெளியே வந்தால்
தாழ்வாரத்தில் நிற்கிறார்,
என் ஒற்றைக் காலணி
இன்னும் அவர் கையில்.