பத்தொன்பதாம் கேள்வி

கெண்ட் ரிட்ஜில் ஏழாம் மாடி.
அறைக்குள் மட்டும் மார்கழி.
ஹுய் வென் என்ற பெண், எங்கள் மகள் வயது,
என் நெஞ்சுக்கு ஒரு பட்டை, விரல்நுனிக்கு ஒரு கவ்வி
மாட்டிவிட்டாள். ஈஸ்வரிக்கும் அதே.
கணவன் மனைவி, ஒருவர் மனநிலையை ஒருவர்
எப்படிச் சீராக்குகிறீர்கள் என்று
அளக்கப் போகிறார்களாம்.
பேருந்து ஓட்டுகிறவன் நான்.
அளவு என்றால் எனக்கு டயர்க் காற்று,
பிரேக் அழுத்தம்,
அடுத்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிடம் தாமதம்.
சரி என்றேன். ஆளுக்கு நாற்பது வெள்ளிப் பற்றுச்சீட்டு.

முதலில் பத்து நிமிடம்
தீராத பிணக்கு ஒன்றைப் பேசச் சொன்னார்கள்.
இருபத்திரண்டு ஆண்டில் தீராதது ஒன்றுதானா?
என் தம்பி சுகுணனுக்குக் கொடுத்த எட்டாயிரம் வெள்ளி
அவள் உதடுவரை வந்ததைப் பார்த்தேன்.
விழுங்கியதையும் பார்த்தேன்.
"குளிர்சாதனம்" என்றாள்.
"இவருக்கு இருபத்து மூன்று. எனக்கு இருபத்தாறு."
நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.
மின்கட்டணம், சளி, போர்வை என்று
பத்து நிமிடத்தையும் அதிலேயே ஓட்டினோம்,
விருந்தாளி மணியடித்ததும்
கூடத்தில் கிடக்கும் துணிமூட்டையைச்
சேர்ந்து கட்டிலுக்கடியில் தள்ளுகிறவர்கள் மாதிரி.

கணினியில் இரண்டு கோடுகள்.
எனக்கு நீலம், அவளுக்கு ஆரஞ்சு.
அமைதியான தம்பதி என்று ஹுய் வென் மெச்சினாள்.
முதல் நிமிடத்தில் ஓரிடத்தில் மட்டும்
இரண்டும் ஒன்றாகத் துள்ளியிருந்தன.
"தொடக்கத்தில் எல்லாருக்கும் பதற்றம்தான்."
ஆமாம் என்றோம், இருவரும் ஒரே நேரத்தில்.

பிறகு தனித்தனி அறை. வினாத்தாள், பென்சில்.
ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை.
ஏழு என்றால் எப்போதும்.

நான் கோபமாக இருக்கும்போது
என் துணை என்னைத் தணிக்க முயல்கிறார்.

முயல்வதில்லையே.
கழுவிய அரிசியை மறுபடி கழுவுவாள்,
தண்ணீர் தெளிந்த பிறகும்.
அந்தச் சத்தத்தில் எனக்குச்
சொல்ல வந்தது மறந்துபோகும்.
இதற்கு எத்தனை போட?

என் துணை கவலைப்படும்போது
நான் ஆறுதலாகப் பேசுகிறேன்.

பேசியதில்லை.
வார்டில் யாராவது இறந்துபோன இரவுகளில்
அவள் காலணி வாசலில் கோணலாகக் கிடக்கும்.
அதை நேராக வைத்துவிட்டு
மின்தூக்கியில் இறங்கிப் போய்
சீனி குறைத்த கோப்பி வாங்கி வருவேன்,
பையில் கட்டி.
மூன்று போட்டேன். பிறகு நான்கு.

பத்தொன்பது:
சில சமயம் வேண்டுமென்றே
என் துணையின் மனநிலையைக் கெடுக்கிறேன்.

சட்டென ஒன்றை வட்டமிட்டேன்.
அப்புறம் கவ்வி கழற்றிய விரலைப்
பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் மூத்த தாதியாகப் பதவி உயர்ந்த அன்று
பண்டான் கேக் வாங்கி வந்திருந்தாள்.
பெட்டியின் நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்,
கத்திரிக்கோல் தேடப் பொறுமையில்லாமல்.
"இனி இந்த வீட்டில் அடுப்பு எரியாது, அப்படித்தானே?"
பகடி என்று பிற்பாடு சொன்னேன்.
பகடி இல்லை.
எங்கே மிதித்தால் வண்டி குலுங்கும் என்று
ஓட்டுநருக்குத் தெரியாதா?

அழித்தேன். ஐந்து போட்டேன்.
அழித்த ஒன்று தாளில் இன்னும் தெரிந்தது.

திரும்பும்போது பேருந்தின் மேல்தளம்,
முன் இருக்கை. ஓட்டுநர் புதிது,
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கொஞ்சம் தாமதமாய்த்தான் மிதித்தார்.
என் வலது கால் தானாக அழுந்தியது.
"பத்தொன்பதுக்கு என்ன போட்டீங்க?"
"ஐந்து."
"நான் ஏழு."
என்னைப் பார்க்காமல் சொன்னாள்.
சிரிப்பதா என்று தெரியவில்லை.
"எட்டாயிரத்தைப் பேசியிருக்கலாம்" என்றேன்.
"அதுக்குப் பத்து நிமிஷம் போதுமா?"

கிளமெண்டி தாண்டியது.
அவள் தலைக்கு மேலிருந்த காற்றுத் துளையை
எட்டி என் பக்கம் திருப்பினேன்.
குளிரவில்லை என்றாள்,
கைகளைத் தேய்த்துக்கொண்டே.