அறுபத்து மூன்று சதவீதம்

காதுகுத்து வீடியோ.
மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்ததும்
ரெண்டர் நின்று திரை கறுத்துவிடுகிறது,
மூன்று நாளாக இதே இடத்தில்.
கார்டு தொண்ணூற்று நாலு டிகிரி.
வில்லாபுரத்து வைகாசியில்
ஃபேன் காற்றே கொதிக்கிறது, அதைச் சொல்லி என்ன.

ராத்திரி ஒன்றரைக்கு ஏழு ஸ்க்ரூவையும் கழற்றினேன்.
ஏழாவது டீ கிளாசுக்குள் விழுந்தது.
உள்ளே பேஸ்ட்,
கழுவாத தட்டின் ஓரத்துத் தயிர்ச்சோறாய்
காய்ந்து வெடித்திருந்தது.

மெடிக்கல் ஸ்பிரிட், பழைய பனியன் துணி.
துடைக்கத் துடைக்க
தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி.
அதில் தூங்காத என் மூக்கு.

பட்டாணி அளவு போதும் என்றிருந்தான் சிக்கந்தர்.
எந்தப் பட்டாணி, பச்சையா காய்ந்ததா?
போனை எடுக்கவில்லை.

எழுபத்தொன்று டிகிரி.
அறுபத்து நாலாவது சதவீதத்தில்
ஆசாரி ஊசியை எடுக்க
சத்தமில்லாமல்
வாயைப் பிளந்து அழுதது பிள்ளை.

ஒரு ஸ்க்ரூ இன்னும்
கிளாசின் அடியில்.