கணக்கில் வராத காற்று

அழுத்தினால் ஒரு நொடி யோசிக்கும்.
அப்புறம்தான் போகும்,
பிடிக்காத சித்தப்பா வீட்டுக்கு
இழுத்துப்போகும் பிள்ளை மாதிரி.

எண்பத்தெட்டாம் வருஷத்து ஆவ்டி. ஐந்து சிலிண்டர்.
பிஷ்கெக்கிலிருந்து நரினுக்கு ஒரு நடை,
நாலு பேர் ஏறினால்தான் நடை,
மூன்று பேர் என்றால் பெட்ரோல் காசு.

சமவெளியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.
பாலிக்ச்சி வரை தேன்.
கோச்கோர் தாண்டி ஏற்றம் தொடங்கியதும்
மூன்றாவது கியரில் திக்கும்,
இரண்டாவதில் கெஞ்சும்.
நிலக்கரி லாரிகள் முந்தும்.
ஒருமுறை ஒரு குதிரைக்காரனும் முந்தினான்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பஜாரில் ஆளுக்கொரு நோய் சொன்னார்கள்.
பிளக் என்றான் ஒருவன். மாற்றினேன்.
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி என்றான் அவன் மச்சான்,
மூடி விற்பவன்.
பில்டர். அப்புறம் பெட்ரோல் பம்ப்;
அதோடு குளிர்காலத்துக்கு வாங்க வைத்திருந்த கரிக்காசு போயிற்று.
கடைசியில் ஒருவன் பானெட்டையே திறக்காமல்
"பெண் ஓட்டினால் அப்படித்தான், மைராம்குல்" என்றான்.
அவன் ஒருவனுக்குத்தான் காசு கொடுக்கவில்லை.

எல்லாரும் நிறுத்திவைத்தே முறுக்கிப் பார்த்தார்கள்.
சுமை இல்லாமல் நிற்கையில்
எந்த வண்டிதான் சிங்கம்போல் உறுமாது?

அக்டோபர் பதினொன்று.
தொலோன் கணவாய்க்குக் கீழே, எட்டாவது வளைவில்
மொத்தமாக நின்றுவிட்டது.
பின்னால் மூவரும் தூக்கம்.
முன் சீட்டில் சாதிர்பாய்.
மாவு மூட்டைக்கு ஐம்பது சோம் கூடக் கேட்டேன் என்று
நூறு கிலோமீட்டராக என்னோடு பேசாதவர்.
"டிராக்டர் ஓட்டியிருக்கிறேன்" என்றார்,
ஜன்னலைப் பார்த்து.

சக்கரங்களுக்கு முன்னால் கல் வைத்தேன்.
கைப்பிரேக்கைப் பல்லுக்குப் பல் இழுத்தேன்.
முதல் கியர் போடுங்கள்,
கிளட்ச்சைப் பாதி விட்டு அழுத்துங்கள் என்றேன்.
எதிரில் நிற்கவில்லை, ஓரமாக நின்றேன்.
ஐம்பது சோம் கோபம் அவரிடம் இன்னும் இருந்தது.

அழுத்தினார்.
எஞ்சின் முழுசாக ஒரு பக்கம் சாய்ந்தது,
தூக்கத்தில் புரள்கிற ஆள்போல.
அப்போது பார்த்தேன்.
காற்றை அளக்கும் தட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில்
முழங்கைபோல் வளைந்த கறுப்பு ரப்பர்.
அதன் அடிமடிப்பில்
விரல் நீளத்துக்கு ஒரு வாய் திறந்தது.
உஸ்ஸென்று மலையைக் குடித்தது.

விடுங்கள் என்றேன்.
எஞ்சின் நிமிர்ந்தது. வாய் மூடிக்கொண்டது.
ஒன்றுமே நடக்காத முகம்.
மறுபடி அழுத்தச் சொன்னேன். திறந்தது.
மறுபடி.
போதும் என்று அவர் சொல்லும்வரை பார்த்தேன்.

தட்டு அளந்த காற்றுக்குத்தான் பெட்ரோல் வரும்.
இது பின்வாசல் வழியாகப் புகுந்த காற்று,
அளந்தவனுக்குத் தெரியாத விருந்தாளி.
வைத்த சோறு போதாமல்
இலையைப் பார்த்து உட்கார்ந்திருந்ததுதான்
அந்த ஒரு நொடி.

ஐந்து மாதம். பதினோராயிரம் சோம்.
சிரிப்பு வந்தது.
அதைத் தொடர்ந்து வந்ததைப்
புறங்கையால் துடைத்துக்கொண்டேன்;
முகமெல்லாம் கிரீஸ்.

மூட்டையின் கழுத்தில் கட்டியிருந்தது பழைய சைக்கிள் டியூப்.
நான் கேட்கவில்லை. அவரே அவிழ்த்தார்.
இழுத்து இழுத்து ஒன்பது சுற்று.
மேலே, விழித்துக்கொண்ட செவிலி உமுத்காயின்
கட்டுப் பிளாஸ்திரி, பாதிச் சுருள்.
"எத்தனை நாள் தாங்கும்?" என்றாள்.
நரின் வரை தாங்கினால் போதும் என்றேன்.

அழுத்தினேன். போனது.
மூன்றாவது கியரில் கணவாய் ஏறினேன்.
ஒரு நிலக்கரி லாரியை முந்தினேன், வேண்டுமென்றேதான்.
கட்டவிழ்ந்த மூட்டையை மடியில் வைத்து
வாயை இரு கையாலும் இறுக்கி வந்தாள் உமுத்காய்.
ஒவ்வொரு வளைவிலும்
பின் சீட்டில் கொஞ்சம் மாவு பறந்தது.

நரினில் இறங்கும்போது சாதிர்பாய்
டியூப்புக்கு என்று இருபது சோம் கழித்துக்கொண்டு
முப்பதைக் கொடுத்தார்.
நான் எண்ணிப் பார்த்தேன்.
சிந்திய மாவைப் பற்றி
இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.