ஒரே கூடையில் வந்தவை

யாட்விகா கதவைத் தட்டி வருகிறவள் அல்ல.
செப்டம்பர் மழை தோளில் சொட்டச் சொட்ட
பைன் ஊசிகள் ஒட்டிய கூடையை
என் சமையல் மேசைமேல் வைத்தாள்.
வெண்காளான்கள்.
பாதி எனக்கு, பாதி அவளுக்கு.
கூடவே ஒரு சேதி:
"ஃபெலிக்சாஸ் காணிக்கைப் பெட்டியில் கை வைக்கிறான்.
என் கண்ணால் பார்த்தேன்.
ஞாயிறு பூசை முடிந்ததும் நீதான் எழுந்து சொல்லணும்,
கணக்கு எழுதுகிறவள் நீ."

அவள் போன பிறகு
இரண்டையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்தேன்.
சேதிக்கு அடிப்பக்கம் தெரியவில்லை.
காளானுக்குத் தெரிந்தது:
மடிப்புகள் வெள்ளை,
தண்டின் காலில்
கிழிந்த பைபோல ஏதோ,
அல்லது வெறும் மண்.

ஜூகியாக் காட்டோரம் பிறந்தவர்கள்
இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறோம்.
பாதி கரி பூசிய காகிதத்தில்
தொப்பியைக் கவிழ்த்து
தேநீர்க் குவளையால் மூடிவிட்டால்
விடிவதற்குள்
தன் தூளாலேயே தன் பெயரை எழுதிவிடும்.
பழுப்பென்றால் வெண்ணெயில் வதக்கு.
வெள்ளையென்றால் குழி தோண்டு.

கவிழ்த்தேன். மூடினேன்.
ஆண்டவரே, பொறுமை தாரும் என்று
வழக்கம்போல் முழந்தாளிட்டேன்.
மனசு செபத்தை விட்டுக்
கூடையை எண்ணிக்கொண்டிருந்தது.
பாதி எனக்கு.
பாதி.

ஆமென் சொன்னேனா, ஞாபகமில்லை.
ரப்பர் காலணி இடம் வலம் மாறிப்போய்
உருளைக்கிழங்கு வயலைக் குறுக்கே மிதித்து
ஓடினேன்.
அவள் வாணலியில் வெண்ணெய் பாட ஆரம்பித்திருந்தது.
"ஒரு ராத்திரி பொறு."
"நாற்பது வருஷமாய்ப் பொறுக்குகிறேன்,"
என்றாள், காளானைச் சொல்கிறாள்.
அடுப்பை நானே அணைத்தேன்.
அவள் ரொட்டியைக் கடித்தாள்
என்னைக் கடிப்பதுபோல.

காலையில்
கரி பூசாத பாதியில் ஒன்றுமில்லை.
கரிமேல்,
முதல் உறைபனி விழுந்த உழவுபோல்,
வெள்ளை.

இரண்டு வீட்டுப் பங்கையும்
வேலிக்கு அப்பால் ஆழப் புதைத்தேன்.
கையை மூன்று முறை கழுவினேன்.

மற்றதை மூடிவைக்க
என்னிடம் குவளை இல்லை.
வியாழன் பொறுத்தேன், வெள்ளி பொறுத்தேன்.
சனிக்கிழமை கோவிலில்
மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தான் ஃபெலிக்சாஸ்.
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.
கத்தி நிற்கவில்லை.
"நாற்பது யூரோ.
மகளைக் கவுனாஸ் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக.
இருபத்தைந்து திரும்பப் போட்டாச்சு.
எண்ணிப் பாருங்க."

பழுப்பும் இல்லை வெள்ளையும் இல்லை.
கோபம் வந்தது எனக்கு,
அவன் கேட்டிருக்கலாமே என்று;
உடனே இன்னொன்றும் வந்தது,
கேட்டிருந்தால் நான் கொடுத்திருப்பேனா என்று.
இருவரும் தரையில் உட்கார்ந்து எண்ணினோம்.
சில்லறை குளிர்ந்து கிடந்தது.
நோட்டில் பென்சிலால் எழுதினேன்:
கடன், ஃபெலிக்சாஸ், பதினைந்து.
கீழே அவன் கையெழுத்து.
பங்குத்தந்தையிடம் நானே சொல்கிறேன் என்றான்.
சொல்வானா, தெரியாது.
அடுத்த சனிக்கிழமை மறுபடி கேட்பேன்.

எதற்கு ஓடுவது, எதற்கு உட்காருவது:
அந்த வாரத்துக்கு மட்டும் தெரிந்தது.
அடுத்த வாரக் கூடை எப்படியோ.

ஞாயிறு. பூசை முடிந்தது.
மூன்றாம் வரிசையிலிருந்து யாட்விகா
எழு, எழு என்று முகவாயால் குத்தினாள்.
நான் எழவில்லை.
வாசலில் என்னைத் தாண்டிப் போனாள்,
தலைக்குட்டையை இழுத்து முடிந்தபடி,
பேச்சில்லாமல்,
உயிரோடு.