சுருட்டுக்காரி

டல்ஹௌசி தெருவில் அந்தப் படத்தை ஒட்டியவன் நான்தான்.
கஞ்சிப் பசையில் துருசு போட மறந்த அன்று
ஆடு வந்து அவள் லுங்கியை
முழங்கால்வரை தின்றுவிட்டது.

வரைந்தவர் பெரே மஸ்தெவு. கத்தலான்காரர்.
ஸ்பானியரா என்று கேட்டால் முறைப்பார்.
என்னைக் கோரங்கி என்பார்கள்,
நான் முறைத்ததில்லை. முறைத்தால் கூலி போய்விடும்.

மற்ற விளம்பரங்களில்
யானை, மெடல், எட்டுப் பெட்டி,
கம்பெனி விலாசம் எல்லாம் நெருக்கியடிக்கும்.
இவர் போட்டது ஒரு பர்மாக்காரி,
உதட்டில் சுருட்டு,
ஒரே இழுப்பில் ஒரு கோடு புகை.
மேலே முக்கால் தாள் சும்மா கிடந்தது.

"காலிக் காகிதத்துக்கா காசு?" என்றார் துரை.
மஸ்தெவு பாதிக் கூலியை எண்ணாமல்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
அடுத்த மழையில் காய்ச்சல்.
தாம்வேயில் புதைத்தோம்.
சிலுவையில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டார்கள்,
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று டிசம்பர்.
குண்டு விழுந்து தெருவே புகைந்தபோது
பாதிச் சுவரில் அவள் மட்டும்
அவசரமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மீந்த தாள் ஒன்றில் அவல் கட்டிக்கொண்டு நடந்தேன்.
தாமு வருமுன் அவல் தீர்ந்தது.
கூட வந்த இருளப்பனும்.

முகாம் வாசலில்
"காகிதம் எங்கே?" என்றான் மேஜைக்காரன்.
என்னிடமிருந்த காகிதம் அது ஒன்றுதான்.
விரித்தேன்.
அவளைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
முத்திரை குத்த இடம் தேடினான்.

இடம் நிறைய இருந்தது.