கெட்டுப்போனவை

டென்சில் ஹெட்ரிக் அக்டோபரில் கொண்டுவந்தார்,
மான் வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு மேல்சட்டைப் பையில்,
முள்கூட்டோடு.
பிரித்தெடுப்பதற்குள் பத்து விரலும் எரிந்தன.
மலைமுகட்டில் இரண்டு செஸ்ட்நட் மரம் என்றார்.
ஒற்றை மரம் என்றால் முள்கூடு மட்டும் வரும்,
உள்ளே வெறும் சருகுதான்.
கண்ணுக்கெட்டும் தூரத்தில் இன்னொன்று நிற்க வேண்டும்.
எந்த முகடு என்று அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

மொத்தம் முப்பத்தொன்று.
வாளித் தண்ணீரில் போட்டேன்.
மிதந்தவை நான்கு.
ஊசிமுனை ஓட்டை விழுந்தவை மூன்று,
அங்கே ஏற்கெனவே ஆள் குடியிருந்தது.
மீதி இருபத்து நான்கையும்
பிழிந்த ஈரப்பாசியில் பொதிந்து
பிளாஸ்டிக் பையில் கட்டி
ஃபிரிட்ஜின் அடித்தட்டில்
கேரட்டுக்குக் கீழே வைத்தேன்.

குளிர்காலம் ஒன்று வந்து போனதாக
விதையிடம் பொய் சொல்ல வேண்டும்,
அதுவும் நான்கு மாதம் விடாமல்.
வெளியே நிஜக் குளிர்காலம்
ஜன்னல் வரை பனி குவித்துக்கொண்டிருந்தபோதும்
உள்ளே நான் இந்தச் சின்னப் பொய்யைத்தான்
வாரம் ஒருமுறை திறந்து மோந்து பார்த்தேன்.
பூஞ்சை இல்லை. மண்வாசனை.
பையின்மேல் எதுவும் எழுதி ஒட்டவில்லை.
அந்தத் தவறு என்னுடையது.

தம்பி லோவெல் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறான்,
எல்கின்ஸிலிருந்து கணவாய் வரை.
போகும்போது தள்ளிய சாலை
திரும்பும்போது மறுபடி வெள்ளையாகக் கிடக்கும்.
பிப்ரவரியில் ஒரு பின்னிரவு, மூன்று மணி,
பூட்ஸைக்கூடக் கழற்றாத பசியோடு
அடித்தட்டைத் திறந்திருக்கிறான்.

காலையில் அடுப்பின்மேல் வாணலி.
ஒவ்வொன்றிலும் சிலுவைக் கீறல் போட்டு
ஒன்றுகூட வெடிக்காமல் பக்குவமாக வறுத்திருந்தான்.
ஓடுகள் சாஸரில் குவியலாக.
வெண்ணெய் மூடாமல் கிடந்தது.

விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்றவனை
எந்த வார்த்தையால் திட்டுவது?
இருந்த எல்லாவற்றாலும் திட்டினேன்.
"இனிப்பாக இருந்தது" என்றான்.
அதைச் சொல்லியிருக்கக் கூடாதென்று
அவனுக்கே தெரிந்து, தரையைப் பார்த்து,
"எல்லாவற்றையும் தின்னவில்லை.
ஐந்து கெட்டுப்போயிருந்தன.
புழு மாதிரி வெள்ளையாக வால் வைத்திருந்தன.
பையிலேயே விட்டுவிட்டேன்."

வால்!
ஓட்டின் கூர்முனையைப் பிளந்துகொண்டு
ஐந்தும் வேர் விட்டிருந்தன.
விழித்தவை பிழைத்தன,
தூங்கியவை வெண்ணெயில் போயின.
இதில் நீதி ஏதாவது இருக்கிறதா என்று யோசித்தேன்.
இல்லை. பசிதான் இருந்தது.

அன்றைக்கு அவன் தூங்கவில்லை.
நான் சொல்லாமலே பால் அட்டைப்பெட்டிகளின் அடியில்
ஆணியால் துளையிட்டான்.
ஆணிவேர் அல்லவா, ஆழம் கேட்கும்.
கொட்டையைப் பக்கவாட்டில் படுக்கவைத்து
வேரைக் கீழ்நோக்கித் திருப்பி
ஒரு விரற்கடை மண் மூடினோம்.
அணில் வராமலிருக்க
கோழிக்கூண்டு வலையில் ஆளுக்கொரு குல்லா.

ஒன்று முளைக்கவே இல்லை.
ஒன்று செந்நிறமாக எட்டிப்பார்த்து, நான்கிலை விட்டு,
காரணம் சொல்லாமல் கருகியது.
மூன்றை லோவெல் விடியலில்
வேலை முடிந்து வந்து
ஸ்பானரின் நீளம் வைத்து அளக்கிறான்.

இவற்றுக்கும் நோய் வரும்.
பத்துப் பதினைந்து வயதில் பட்டை வெடித்து
ஆரஞ்சுப் புள்ளிகள் கிளம்பும்.
அவனிடம் சொன்னேன்.
"அதற்குள் காய்க்குமா?"
காய்க்கலாம்.
"அப்படியானால் ஒன்று இங்கே வேலியோரம்.
ஒன்று உப்புக்கிடங்கின் பின்னால்,
உப்பு எட்டாத மேட்டில்.
அங்கிருந்து நம் கூரை தெரியும்."
மூன்றாவதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

இந்த அக்டோபரிலும் டென்சில் வந்தார்.
அடித்தட்டில், கேரட்டுக்குக் கீழே, புதிய பை.
அதன்மேல் தடித்த மார்க்கரில்
லோவெலின் கோணல் கையெழுத்து:
கெட்டுப்போனவை. லோவெல், தொடாதே.