பதினொரு டாலர் நாற்பது

வழக்கு எண் மறந்துவிட்டது.
விரல்கள் மறக்கவில்லை:
மூன்று நாள், நூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
வடக்கு டகோட்டாவின் மாவட்ட நீதிமன்றம்,
ஜன்னலில் புழுதி அப்பிய ஆகஸ்ட்.

பிரீமியத்தில் நூற்றுக்கு இரண்டரை
வரி கட்டு என்றது மாநிலம்.
மாட்டோம் என்றது
கிழக்கே ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளியிருந்த கம்பெனி.
"உங்கள் எல்லைக்குள் எங்களுக்கு
நாற்காலி உண்டா, கதவு உண்டா,
கதவில் பெயர்தான் உண்டா?
தபால் வந்தது. கையெழுத்திட்டோம்.
மை உலர்ந்தது கனெக்டிகட் காற்றில்."
வக்கீல் கில்க்ரிஸ்ட் சொன்ன விதத்தில்
அந்த மை இரண்டு தடவை உலர்ந்தது.

ஒப்பந்தம் எங்கே பிறந்தது?
ஒரு காலை முழுக்க இதே பேச்சு.
கடிதத்தைப் போட்ட கையிலா, பிரித்த கையிலா,
இடையே ரயில் கடந்த ஏதோ ஒரு மாநிலத்தின்
இருட்டிலா?
போஸ்ட்மாஸ்டர் அக்னஸ் ஷ்வாப்
முத்திரையைக் கொண்டுவந்து
வெற்றுத்தாளில் குத்திக் காட்டினாள்.
தேதி மாற்ற மறந்திருந்தாள்.
சான்றாவணம் நான்கு.

பிறகு கூண்டில் ஓலாவ் ராம்ஸ்தாத், கோதுமைக்காரர்.
எவ்வளவு கட்டினீர்கள்?
பதினொரு டாலர் நாற்பது.
ஆலங்கட்டி எவ்வளவு நேரம் பெய்தது?
என் மனைவி ரொட்டிமாவைத் துணியால் மூடி
நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது.
கம்பெனி ஆள் வந்தாரா?
வந்தார். ஒடிந்த தாள்களை எண்ணினார்.
எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.

அரசு வக்கீல் துள்ளி எழுந்தார்:
"குறித்துக்கொள்ளுங்கள்,
கம்பெனி இந்த மண்ணில் சாப்பிட்டிருக்கிறது!"
"ஆட்சேபம். சாப்பிட்டது கம்பெனி அல்ல,
கூலிக்கு வந்த ஒருவர்."
இரண்டையும் எழுதினேன்.
சாப்பாடு என்னவென்று யாரும் கேட்கவில்லை.

இறங்கும்போது ஓலாவ் நின்றார்.
"அந்த இரண்டரையை
கடைசியில் யார் தருவது?"
சாட்சி கேள்வி கேட்கக் கூடாது என்றார் நீதிபதி,
கண்ணாடியைத் துடைத்தபடி.
ஓலாவ் சிரித்தார்.
சிரிப்புக்குச் சுருக்கெழுத்தில் குறி இல்லை.
ஒரு கோடு இழுத்துவிட்டு
அடுத்த வரிக்குப் போனேன்.

தீர்ப்பு அறுவடை கழிந்து வந்தது.
ஜெயித்தது மாநிலம்.
பத்திரிகையில் கைகுலுக்கும் படம்,
அதன் காலடியில்
விழுந்துகொண்டிருந்த கோதுமை விலை.

என் அக்கா வயலுக்கும் அதே கம்பெனிதான்.
ஏப்ரலில் வந்த பில்லை நீட்டினாள்,
மூக்குக்கண்ணாடி காணோம், படி என்று.
பதினொரு டாலர் அறுபத்தொன்பது.
"அதென்ன புதுசாய் இருபத்தொன்பது?"

நூற்றுப் பன்னிரண்டு பக்கமும்
என் நாக்கில் வந்து நின்றன.
அவள் காத்திருக்கவில்லை.
காபி டப்பாவைக் கவிழ்த்து
மேஜையில் சில்லறை எண்ணினாள்.
ஒரு சென்ட் குறைந்தது.
என் பையில் தேடிக்கொண்டிருந்தேன்.